பதிவு பதினான்கு

லாஸ்பேட்டை அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக்
காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன்.
முதலில் ஐஸ் உடைக்கும் இயந்திரம்.
அப்புறம் காக்கை. அப்புறம் யாரோ
ஒரு கூடை சங்கராவுக்கு விலை சொல்கிறார்கள்.
கடலூர் முதுநகர், மீன் இறங்குதளத்துக்குப் பின்பக்கம்,
காலை ஒன்பது இருபது.

ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுகிறேன்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை,
ரயில் வரும் அறிவிப்பு மாதிரி.
உங்கள் பெயரை மாற்றித்தான் எழுதுவோம் என்கிறேன்.
"இன்னும் எத்தன தரம்டி மாத்துறது?
கெஜட்டுல போட்டு வாங்குன பேரு.
அதுக்கு நாலு மாசம் மீன் வித்தேன்."
சிரிக்கிறாள். நானும் சிரிப்பது கேட்கிறது,
கொஞ்சம் தாமதமாக.
"சரி, கலாமணின்னு போட்டுக்க.
ரத்தம் எடுக்குற எடத்துல ஒரு நர்ஸு.
உக்காரும்மான்னு சொன்னா ஒருநாள்."

கேள்வி ஆறு. கடந்த பன்னிரண்டு மாதங்களில்
சிகிச்சை தேவைப்பட்டும் போகாமல் இருந்தீர்களா?
ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரம், அடிக்கடி, எப்போதும்.
கலாமணி எதையும் எடுக்கவில்லை.
பல்லைச் சொன்னாள்.
கீழே, கடைவாயில். கன்னம் வீங்கிப்
பெரியாஸ்பத்திரிக்குப் போனது.
ஆண்கள் வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவன் ஒட்டுகிறான்,
பெண்கள் வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவள் விலகுகிறாள்.
எப்போது ஆபரேஷன் என்று கேட்டாராம் டாக்டர்.
எங்கே செய்தது, யார் செய்தது, இப்போது எப்படி இருக்கிறது.
வெளியே நின்ற மாணவர்கள் இரண்டு பேரையும்
உள்ளே கூப்பிட்டாராம்.
"வாயத் தெறன்னு மட்டும் சொல்லல."

இங்கே மௌனம், பதினோரு வினாடி.
அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்பது விதி.
எழுதினேன்.
ஐஸ் நொறுங்குவதற்கு விதி இல்லை.

கேள்வி ஒன்பதில் அந்தச் சொல் வருகிறது.
மூன்று பேர் உட்கார்ந்து தமிழாக்கி,
வேறு இரண்டு பேர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி,
ஒத்துப்போகிறது என்று கையெழுத்திட்ட சொல்.
களங்கம்.
"அது நெலாவுக்குல்ல இருக்கும்?"
நான் விளக்குகிறேன். மூன்று நிமிடம் விளக்குகிறேன்.
கேட்கவே கூசுகிறது, வேகத்தைக் கூட்டி ஓட்டுகிறேன்.
"எம்மேல ஒண்ணும் இல்ல, பாத்துக்க.
தெனம் ரெண்டு வேள குளிக்கிறேன்.
சீட்டு போடுற கவுண்டர்ல ஒருத்தன்
எழுதிக்கிட்டே வருவான். பேரு. வயசு. ஊரு.
அப்புறம் நிமிந்து பாப்பான்.
பேனா நிக்கும்.
அப்புடி நிக்குதுல்ல, அதுக்கு என்னா பேரு?
அதச் சொல்லு, நான் பதில் சொல்றேன்."

மேற்கோள் நன்றாக இருக்கிறது என்றார் பேராசிரியர் இன்பவல்லி.
எந்தப் பிரிவில் சேர்ப்பாய் என்றும் கேட்டார்.
பிற என்று ஒரு பிரிவு இருந்தது.

நேரக் குறிப்பைச் சரிபார்க்க
மறுபடி தொடக்கத்துக்குப் போனேன்.
வயது முப்பத்தாறு. ஊர் சோனாங்குப்பம்.
இரண்டுக்கும் தாளில் பேனா உரசுவது கேட்கிறது.
அதற்குப் பிறகு காக்கை.
இயந்திரம்.
அப்புறம்தான் என் குரல்:
"பால்னு ஒரு கட்டம் இருக்கு, எப்படிப் போடட்டும்க்கா?"

கேட்பவரின் மௌனத்தை அளக்க
எந்தக் கையேட்டிலும் சொல்லவில்லை.
நான்கு வினாடி.
அடைப்புக்குறி போட்டேன், அழித்தேன், போட்டேன்.

சாயங்காலம் கூப்பிட்டேன்.
பல்லைப் பிடுங்கியாகிவிட்டதாம்,
நெல்லிக்குப்பம் ரோட்டில், தனியாரிடம், ஆயிரத்து இருநூறு.
"அந்தாளு ஒண்ணுமே கேக்கலடி. காசு மட்டும்தான் கேட்டான்.
நல்ல மனுசன்."
வாயில் பஞ்சு இருந்ததால் பாதி புரியவில்லை.
பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாளாம்,
ஆராய்ச்சிக்கு வேணுமா என்கிறாள்.